செவலைக்குக் கிடைத்த ஆறு வாரம்

நாயின் மூட்டைத் தினமும் நீவிவிடுகிற கை எப்படி நாறும் என்று எந்தக் காணொளியும் சொல்வதில்லை. கைபேசியில் தேடினால் பொன்னிற நாய் ஒன்று நீலத் தொட்டியில் நடக்கிறது. வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டே அதன் காலைப் பிடித்துவிடுகிறாள். பின்னால் மெல்லிய இசை வேறு. எங்கள் செவலையின் உடம்பில் உண்ணி இருந்தது, ஆட்டுப் புழுக்கை ஒட்டியிருந்தது, படுத்தே கிடந்ததில் வந்த புண் இருந்தது. சோப்புப் போட்டு மூன்று முறை கழுவிவிட்டு உட்கார்ந்தாலும், சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும்போது விரலிலிருந்து அந்த வாடை வரும். அந்த ஆறு வாரமும் நான் கரண்டியால்தான் சாப்பிட்டேன்.

யாரும் பாராட்டவேண்டும் என்று இதை எழுதவில்லை. வயதான நாய் நொண்டினால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் எழுதி வைத்தவர் யாருமில்லை. செய்யக் கூடாதவை எனக்கு நன்றாகத் தெரியும். பாதியை நானே செய்திருக்கிறேன்.

எங்கள் ஊர் பசுவந்தனைப் பக்கம். அப்பா ஆடு மேய்க்கிறார். அம்மா கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடும் இடத்தில் வேலை பார்க்கிறாள். குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் முடித்து, இப்போது டவுனில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருக்கிறேன். வீட்டுக்குள் டைல்ஸ் போட்டது என் சம்பளத்தில். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

செவலை அப்பாவின் ஆட்டு நாய். பத்து வயது. மாசி மாதத்தில் முதலில் கவனித்தது அப்பாதான். ஆடுகளைத் திறந்துவிட்டால் முன்னால் ஓடுகிறவன், எல்லா ஆடும் போன பிறகு எழுந்தான். எழும்போது முன்னங்கால் இரண்டும் விறைத்து நிற்கும். இருபது அடி நடந்தபின் கொஞ்சம் இளகும். வரப்பில் ஏறுவதற்கு முன் நின்று யோசிப்பான். வீட்டுக்குள் வந்தால் டைல்ஸில் கால் நாலு பக்கமும் வழுக்கும். ஓயாமல் முட்டியை நக்கி நக்கி அங்கே மயிரே இல்லாமல் போயிற்று.

"அவனுக்கு முன்னங்கால்ல என்னமோ இருக்கு தாயி" என்றார் அப்பா.

"வயசாயிட்டுப்பா. வேற என்ன இருக்கும்" என்றேன்.

இந்தப் பதிலைத்தான் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வயது ஒரு நோயின் பெயர் அல்ல. அப்படிச் சொல்லித்தான் எல்லோரும் கையைக் கழுவுகிறோம்.

ஒரு வாரம் கழித்து அவன் எழுந்திருக்கவே முனகினான். எனக்கு அது தாங்கவில்லை என்று எழுதினால் பாதிதான் உண்மை. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், அந்தச் சத்தம் எரிச்சலாக இருந்தது. என் கைப்பையில் தலைவலிக்குப் போடும் வலி மாத்திரை இருந்தது. நாயின் எடையை உத்தேசித்து, பாதியாக உடைத்து, சோற்றில் வைத்துக் கொடுத்தேன். முனகல் அடங்கியது. படித்ததனால் என்ன பயன் என்று கேட்கிற ஊருக்கு இதோ பயன் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த இரண்டு நாளும் கொடுத்தேன்.

நான்காம் நாள் காலையில் என் டைல்ஸ் தரையில் செவலை வாந்தி எடுத்தான். காப்பித்தூளைக் கரைத்த மாதிரி. பின்னால் தார் போலக் கறுப்பாகக் கழிந்திருந்தான். அந்த நாற்றம் சாணி நாற்றமும் இல்லை, பிண நாற்றமும் இல்லை. வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் செரித்து வெளியே வந்தால் அப்படித்தான் நாறுமாம். நான் வாசலுக்கு ஓடி நானும் வாந்தி எடுத்தேன். அப்பா சாக்கை விரித்து அவனைத் தூக்கிப் போட்டு, லோடு ஆட்டோவுக்குப் போன் செய்தார்.

கோவில்பட்டியில் ஒரு பெண் மருத்துவர் தன் வீட்டின் முன்பகுதியில் விலங்குகளுக்கு மருத்துவமனை நடத்துகிறார். தகரக் கொட்டகை, கீழே இரண்டு சிமெண்டு பெஞ்சு. வயிறு ஊதிய வெள்ளாடு, மடி வீங்கிய பசு, கூண்டில் மூக்கொழுகும் கோழிகள். தரையில் மூத்திரமும் சாணியும், அதன் மேல் பினாயிலும். பினாயில் ஊற்றினால் ஒரு நாற்றம் இரண்டு நாற்றமாகிறது, அவ்வளவுதான். ஐந்து நாள் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு அந்த பெஞ்சின் நுனியில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செவலையின் பின்னங்காலில் மயிரைச் சிரைத்து, நரம்பில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி, பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். தினமும் புதிதாகக் குத்தாமல் அந்தக் குழாய் வழியாகவே குளுக்கோஸும் வயிற்றுப் புண்ணுக்கான மருந்தும் ஏற்றலாம். அங்கே தங்கவைக்க இடமில்லை. காலையில் கொண்டுபோய், மாலையில் குழாயோடு திரும்பக் கொண்டுவருவோம்.

"மனுச மாத்திரை குடுத்தீங்களா?" என்று முதல் நாளே மருத்துவர் கேட்டார்.

"ஆமா மேடம். நாந்தான் குடுத்தேன்."

"நமக்குத் தலைவலி போற மாத்திரை நாய்க்கு வயித்தை ஓட்டையாக்கும். சிலதுக்குக் கிட்னியும் போயிடும். இனிமே நாங்க எழுதித் தராத எதையும் குடுக்காதீங்க."

தலையாட்டினேன். அதை ஒப்புக்கொள்ள எனக்குச் சிரமமே இல்லை. மாத்திரையின் பெயரையும் அளவையும் படிக்கத் தெரிந்தவர்கள் செய்கிற தவறு அது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்திருக்கும்.

கொட்டகையில் காத்திருந்தவர்களுக்கு எங்களைப் பார்த்தால் வேடிக்கை. பசுவோடு வந்திருந்தவர் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கேட்டார்: "என்ன தாயி, நாய்க்கா குளுக்கோசு ஏத்துதாக?"

"ஆமா."

"எத்தன வயசு?"

"பத்து."

"பத்தா? அது போதும்லா. எங்கூர்லயும் ஒண்ணு இப்படித்தான் கெடந்துச்சு. சாக்குல போட்டு நாலுவழிச் சாலை ஓரத்துல விட்டுட்டு வந்துட்டோம். ஒரே ராத்திரி. சோலி முடிஞ்சிட்டு." சமையல் குறிப்புச் சொல்வது போலச் சொன்னார்.

ஆட்டைப் பிடித்திருந்த அம்மாள் சிரித்தாள். "நாய்க்குச் செய்யுதத ஆட்டுக்குச் செஞ்சா கறியாவது மிஞ்சும்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. "ஒங்க மாடு கால ஒடிச்சிக்கிட்டா அதையும் சாலையிலதான் விடுவீகளோ?"

"மாடு பால் தருதுல்லா."

"தராட்டி?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பதிலை நினைத்து இரண்டு நாள் எனக்குள் நானே முதுகைத் தட்டிக்கொண்டேன். இந்த மனிதர்களைக் கண்டு எனக்கு அருவருப்பாக இருந்தது. நான் அவர்களில் ஒருத்தி இல்லை என்பது ஆறுதலாக இருந்தது.

கழிச்சல் நின்ற நான்காம் நாளில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளிச்சப் பலகையில் மாட்டி மருத்துவர் காட்டினார். ஆட்டுக்கால் சூப்புக் குடிக்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் எளிதாகப் புரியும். எலும்பின் முனையில் வெள்ளையாக, வழவழப்பாக ஒரு மூடி இருக்குமே, அதுதான் குருத்தெலும்பு. இரண்டு எலும்பு சேரும் இடத்தில் அந்த வழவழப்பும் நடுவில் கொஞ்சம் கொழகொழ நீரும் இருப்பதால்தான் மூட்டு உரசாமல் மடங்குகிறது. செவலைக்கு முன்னங்கால் இரண்டிலும் அது தேய்ந்துபோயிருந்தது. எலும்பு எலும்போடு உரசி, ஓரங்களில் முள்முள்ளாகப் புது எலும்பு முளைத்திருந்தது. இதுதான் மூட்டுவாதம். தேய்ந்தது திரும்ப வளராது. வலியைக் குறைக்கலாம், சுற்றியுள்ள சதையைப் பலப்படுத்தி மூட்டின் பாரத்தைச் சதைமேல் ஏற்றலாம். வைத்தியம் அவ்வளவுதான்.

"எடையும் ஜாஸ்தி. வயசும் ஆச்சு. ஆனா இது வெறும் வயசு இல்ல" என்று மருத்துவர் படத்தில் இன்னொரு இடத்தைத் தொட்டார். "இங்க ஒரு பழைய விரிசல் இருக்கு. தானா கூடியிருக்கு. அந்தக் கால்லயும் இருக்கு." பிறகு குனிந்து செவலையின் கழுத்து மயிரை விலக்கினார். அடியில் தோல் வளையமாகத் தடித்துக் கிடந்தது. "கட்டை தொங்கவிட்டிருந்தீங்களா?"

எங்கள் பக்கம் அது வழக்கம். ஓடித் திரிகிற நாய்க்குக் கழுத்தில் கயிறு கட்டி ஒரு முழக் கட்டையைக் குறுக்காகத் தொங்கவிடுவார்கள். நடந்தால் கட்டை ஆடும். ஓடினால் முன்னங்காலில் இடிக்கும். இடிக்கவேண்டும் என்பதற்காகத்தான் கட்டுவது.

"ஆமாம்மா" என்றார் அப்பா. "நாந்தான் கட்டுனேன்."

"எவ்வளவு நாள்?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

"வளர்ற வயசுலயா? எதுக்கு?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "ஆட்ட வெரட்டுவான். அதான்."

"ஆடு மேய்க்கிறவர் நீங்க. வாயில்லாத ஜீவனுக்கு வலிக்கும்னு தெரியாதா?"

"புத்தியில்லாம கட்டிட்டேம்மா."

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்க. நீங்களாவது அன்னைக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம்."

"ஆமா மேடம்" என்றேன்.

செவலை ஒரு நாளும் ஆட்டை விரட்டியதில்லை. அவன் விரட்டியது பேருந்தை. நான் ப்ளஸ் ஒன் சேர்ந்து டவுனுக்குப் போகத் தொடங்கிய வருடம் அவன் குட்டிப்பருவம் தாண்டியிருந்தான். தினமும் என் பின்னாலேயே நிறுத்தத்துக்கு வருவான், படியில் ஏறப் பார்ப்பான், வண்டி கிளம்பினால் ஊர் எல்லைவரை குரைத்துக்கொண்டே ஓடிவருவான். "ஏட்டி, ஒம் மாப்பிள்ள வாராம் பாரு" என்று பேருந்தே சிரிக்கும். என் மேலும் ஆட்டு வாடை அடிப்பதாக ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன்: "இனி இவன் பஸ்ஸுக்கு வந்தா நான் பள்ளிக்கூடம் போக மாட்டேன். கட்டையக் கட்டுங்க." அப்பா கருவேலங் கட்டையைச் செதுக்கினார். அவருக்கு நான் பள்ளிக்கூடம் போகவேண்டும். அதற்கு முன்னால் எதுவும் நிற்காது. மறுநாள் செவலை பின்னால் ஓடிவந்தான். கட்டை அவன் காலில் அடிக்கிற சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் பாதி வழியில் நின்றுவிட்டான். நான் கல்லூரி விடுதிக்குப் போன பிறகுதான் அப்பா கட்டையை அவிழ்த்தார்.

அன்று மருத்துவர் முன்னால் கையில் எக்ஸ்ரே உறையைப் பிடித்துக்கொண்டு, அப்பா திட்டு வாங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். படித்தவள் என்ற பட்டத்தையும் வாங்கிக்கொண்டேன். அந்தக் கொட்டகையில் ஐந்து நாளில் பார்த்த சீழ், சாணி, கழிச்சல் எதுவும் என்னை அந்த அளவுக்கு அருவருக்க வைக்கவில்லை.

மருத்துவர் ஒரு தாளில் எழுதித் தந்தார். வயிறு ஆறிய பிறகு நாய்க்கென்றே உள்ள வலி மருந்து. கூடவே உடற்பயிற்சிச் சிகிச்சை. "ஆறு வாரம் பாப்போம். தானா எழுந்து நிக்கணும், நாலு அடி நடக்கணும். அதுகூட முடியலைன்னா வலியோட இழுத்துக்கிட்டுக் கிடக்க விடக்கூடாது. ஊசி போட்டுறலாம்." ஊசி என்றால் தூங்கவைத்துக் கொல்வது. அப்பாவுக்கு அது உடனே புரிந்தது. "ஆறு வாரம்" என்று திருப்பிச் சொன்னார்.

செய்யவேண்டியவை இவைதான். மூட்டு சூடாக வீங்கியிருக்கும் நாளில் துணியில் சுற்றிய ஐஸ் மட்டும். வீக்கம் இல்லாத நாளில் வெந்நீரில் பிழிந்த துண்டைப் பத்து நிமிடம் சுற்றி வைக்கவேண்டும். நம் உள்ளங்கைக்குத் தாங்குகிற சூடு போதும். மூட்டு இளகியதும் நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, காலை மெல்ல மடக்கி மெல்ல நீட்டவேண்டும், ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை. திரும்பிப் பார்த்தாலோ உதட்டைத் தூக்கினாலோ அதுதான் எல்லை, அதற்கு மேல் போகக் கூடாது. தோளிலும் தொடையிலும் சதையை உருட்டி நீவவேண்டும். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி நிற்கவைத்து, முதலில் ஐந்து எண்ணும்வரை, பிறகு பத்து. வழுக்காத தரை. எடையைக் குறைக்கவேண்டும். கடைசியாக, நெஞ்சளவு தண்ணீரில் நடை. தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்ளும், மூட்டில் பாரம் இறங்காமல் சதை வேலை செய்யும்.

என் டைல்ஸ் மேல் முதல் நாளே சாக்கு விரித்தேன். தண்ணீருக்கு எங்கே போவது? ஊர் குடிக்கிற ஊருணியில் நாயை இறக்கினால் ஊரே அடிக்க வரும். அப்பா கடப்பாரையை எடுத்தார். பங்குனி வெயிலில் கரிசல் கல் மாதிரி இருந்தது. மூன்று நாளில் ஐந்து எட்டு வைக்கிற நீளத்துக்கு ஒரு பள்ளம் வெட்டி, தார்ப்பாய் விரித்து, தண்ணீர் நிரப்பினார். ஒருபக்கம் சரிவாக விட்டிருந்தார். மதியத்துக்குள் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். குளிர்ந்த தண்ணீர் மூட்டை இறுக்கிவிடும் என்பதால் எங்கள் வெயிலும் ஒரு நாளாவது உபயோகப்பட்டது. வீட்டிலிருந்து பள்ளம்வரை நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்பில் பாதம் மாட்டினால் கதை முடிந்தது. அந்த வழி முழுக்க ஒவ்வொரு வெடிப்பாக ஆட்டுப் புழுக்கைத் தூளையும் மண்ணையும் போட்டு அப்பா குத்தி அடைத்தார். கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

மடக்கி நீட்டுகிற வேலை என்னுடையது. காலையில் பள்ளிக்கு முன், மாலையில் வந்தபின். செவலை அப்பாவிடம் காலைக் கொடுப்பான். என் கை பட்டால் உறுமுவான். அவன் எச்சில் என் முழங்கைவரை வழியும். நக்கிய புண்ணிலிருந்து ஒரு புளித்த வாடை. காதுக்குள் உண்ணி கொத்தாக இருந்தது. பிடுங்கி மண்ணெண்ணெயில் போடும்போது ஒன்று என் நகத்தில் நசுங்கியது. நாயை நேசிக்கிறவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் இப்போது எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. நான் அவனை நேசித்துச் செய்யவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன்.

பத்து நாள் ஆகியும் எடை குறையவில்லை. காலையில் கால் கிலோ கூடவே இருந்தது. அளந்த சோறு, வேகவைத்த பூசணி, வேறு எதுவும் கிடையாது. எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் அவன் கழிந்ததைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். அறிவியல் டீச்சர், குத்தவைத்து உட்கார்ந்து நாய்ப் பீயைக் கிளறிக்கொண்டிருந்தேன். உள்ளே முழுசு முழுசாக நிலக்கடலை.

அம்மாவின் சேலை முந்தியில் முடிச்சு இருந்தது. அவிழ்த்தால் உடைந்த கடலைமிட்டாய். வேலை பார்க்கிற இடத்தில் தூளும் துண்டும் மிஞ்சும், கொண்டுவருவாள். பத்து வருடமாக அந்த நாய்க்கு அதுதான் சாயங்காலப் பலகாரம்.

"இத எத்தன நாளா குடுக்கீங்க?"

"ஒரு துண்டுதான். முந்தியையே பாத்துக்கிட்டுக் கெடக்கான்லா."

"ஒவ்வொரு துண்டும் அவன் மூட்டுல போய் உக்காருது."

"ஏட்டி, ஊசி போட்டுக் கொல்லப் போறேங்கீக. போறவன் வாயக் கட்டிப் போட்டா அனுப்புவாக?"

"அவன் போறதுக்கா நான் இங்கன பீயக் கிளறிக்கிட்டு இருக்கேன்?"

அம்மா என் கையிலிருந்த குச்சியைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டாள். "டீச்சரு வேலை நல்ல வேலைன்னுல்ல நெனச்சேன்" என்றாள். ஆனால் அன்றோடு மிட்டாய் நின்றது. அதற்குப் பதிலாக வெள்ளரிக்காய்த் துண்டை முடிந்துகொண்டு வந்தாள். செவலை அதை முகர்ந்துவிட்டு அவளையே பார்ப்பான். இரண்டாம் நாளிலிருந்து தின்றான்.

நான்காம் வாரம் மருத்துவர் வரச் சொல்லியிருந்தார். துண்டில் தாங்கினால் செவலை நிற்பான், தண்ணீரில் மூன்று எட்டு வைப்பான். துண்டை எடுத்தால் மடங்கி உட்கார்ந்துவிடுவான். தானாக ஒரு முறையும் எழவில்லை. மீதி இரண்டு வாரம்தான்.

கொட்டகையில் அன்று கூட்டம். எங்களுக்கு முன்னால் ஓர் இளவட்டம் வேட்டை நாய் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அதன் கழுத்தில் கட்டை ஆடிக்கொண்டிருந்தது. மருத்துவர் வெளியே வந்து பார்த்தார்.

"அவுத்துப் போடு முதல்ல. நாளைக்கு இது என்ன ஆகும் தெரியுமா? அந்தா பாரு, அந்தப் பெரியவர் கொண்டுவந்திருக்காரே. அவர் கட்டுன கட்டைதான். பாத்துக்கோ."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். பெஞ்சிலிருந்த ஒருவர் சொன்னார்: "ஏ அண்ணாச்சி, சோறு போடுத கையாலயா இப்படிச் செஞ்சீக?" இன்னொருவர் உச்சுக் கொட்டினார். நாயைச் சாலையில் விட்டுவிட்டு வருகிற ஊர், என் அப்பாவைப் பார்த்து உச்சுக் கொட்டியது. அப்பா செவலையின் தலையில் கையை வைத்தபடி, கேட்காதவர் போல உட்கார்ந்திருந்தார்.

"கட்டச் சொன்னது நான்" என்றேன்.

குரல் வகுப்பில் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டது. மருத்துவர் திரும்பினார். நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்று தெரிந்ததால் முழுதும் சொன்னேன். "இவன் ஆட்ட வெரட்டல மேடம். எம் பின்னால பஸ்ஸுக்கு வந்தான். எனக்குக் கேவலமா இருந்துச்சு. கட்டையக் கட்டலைன்னா பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு சொன்னேன். அப்பா அதுக்காகக் கட்டுனாங்க. அன்னைக்கு நீங்க திட்டும்போது நான் சும்மா நின்னேன்."

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. அந்த இளவட்டம் தன் நாயின் கழுத்துக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு இறுகியிருந்ததால் கத்தரிக்கோல் கேட்டான்.

மருத்துவர் குனிந்து செவலையின் காலை மடக்கிப் பார்த்துவிட்டு, "மடக்கி நீட்டுறது தினமும் எத்தன தடவை செய்யறீங்க?" என்று கேட்டார்.

"பத்து. காலைல, சாயந்தரம்."

"மத்தியானமும் சேருங்க. அப்பாவைச் செய்யச் சொல்லுங்க. உள்ள கொண்டுவாங்க" என்றார்.

திரும்பும்போது லோடு ஆட்டோவின் பின்னால் செவலைக்கு இரண்டு பக்கமும் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். ஊர் வந்து இறங்குவதற்கு முன்னால் அப்பா சொன்னார்: "அத்தன பேரு முன்னால சொல்லணுமா இத?"

"உண்மைதானப்பா."

"உண்மைதான். எனக்குத் தெரியாதா? டீச்சரு பேரு கெடக் கூடாதுன்னு நான் ஒண்ணு சொன்னேன். ஒம் மனசு ஆறணும்னு என்னையப் பொய் சொன்னவனாக்கிட்ட."

செய்தது அசிங்கம், மறைத்தது அசிங்கம், சொன்னதிலும் ஓர் அசிங்கம் இருந்திருக்கிறது. கை கழுவ எத்தனை சோப்பு இருந்தாலும் இதற்குப் போதாது.

ஆனால் மறுநாள் மதியம் அப்பா ஆடுகளைப் பக்கத்து ஆட்டுக்கிடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து காலை மடக்கி நீட்டினார். மாலையில் நான் வந்தபோது, "இடது கால் கூடக் கொஞ்சம் மடங்குது" என்று மட்டும் சொன்னார். நான் தாளில் குறித்துக்கொண்டேன். எங்களுக்குள் பேச்சு அப்படித்தான் திரும்ப ஆரம்பித்தது, மூட்டு மூட்டாக.

ஐந்தாம் வாரம் செவலை இரண்டு கிலோ குறைந்திருந்தான். தொடையில் கை வைத்தால் எலும்புக்கு மேல் கொஞ்சம் சதை தட்டுப்பட்டது. தண்ணீரில் ஐந்து எட்டும் நடந்து திரும்பினான். ஏறி வந்ததும் எங்கள் மேல் உதறிக்கொள்வான். ஊறிய ஆட்டுப் புழுக்கை வாடையோடு அந்தத் தண்ணீர் என் வாயில் படும். துப்புவேன். தரையில் மட்டும் அவன் தானாக எழவே இல்லை. அப்பா ஊசியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்: "அவிய வீட்டுக்கு வந்து போடுவாகளா, நாமதான் கொண்டுபோகணுமா?" நான் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

ஆறாம் வாரம், புதன்கிழமை. மாலை பள்ளியிலிருந்து வந்து வெந்நீர் போட்டேன். செவலை முற்றத்துச் சாக்கில் கிடந்தான். அப்பா வேப்பமர நிழலில் கட்டில் போட்டுக் கண்ணயர்ந்திருந்தார். துண்டை முக்கிப் பிழிந்து, ஆவி பறக்க இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவனை நோக்கிப் போனேன். அவன் என்னைப் பார்த்தான். துண்டைப் பார்த்தான். உதட்டைத் தூக்கி, ஆறு வாரமாக என்னிடம் காட்டிய அதே வெறுப்போடு ஒரு முறை உறுமினான்.

பிறகு முன்னங்காலை ஊன்றினான். தோள் நடுங்கியது. பின்பக்கத்தைத் தூக்கினான், மடங்கியது, மறுபடி தூக்கினான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். நாலு காலும் தரையில் நேராக நின்றன. என்னைத் திரும்பிப் பாராமல் சாக்கைவிட்டு இறங்கி, ஒரு எட்டு, இரண்டு, நின்று, மூன்று என்று கட்டிலுக்கு நடந்து, அப்பாவுக்கு அடியில் போய்ப் படுத்தான்.

என் கையிலிருந்து தப்பிக்கத்தான் எழுந்தான். வேறு காரணம் ஒன்றுமில்லை.

அப்பா கண்ணைத் திறந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ தூக்கியா விட்ட?" என்றார்.

"இல்லப்பா. என்னையக் கண்டு ஓடியாந்துட்டான்."

தாளை எடுத்து, "தானாக எழுந்தான். ஏழு எட்டு வைத்தான்" என்று எழுதினேன். துண்டு ஆறுவதற்குள் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போய் அவன் வலது காலைப் பிடித்தேன். மூஞ்சிக்கு நேராக உறுமினான். அந்த வாய் நாற்றத்தை என்னால் இன்றும் தாங்க முடியாது.